செயற்கை முழங்கால் மூட்டில் விடாத கிருமித்தொற்று: மறு அறுவைக்குள் நுழைவோருக்கு ஒரு வழிகாட்டி

முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொள்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்குச் செயற்கை மூட்டுக்குள் கிருமித்தொற்று ஏற்படுகிறது. என் தாயாருக்கு அது ஏற்பட்டபோது எங்களை அதிகம் அலைக்கழித்தது நோய் அன்று. எந்தத் தாளை எங்கே வாங்குவது, எந்தக் கேள்வியை எப்போது கேட்பது, இந்தக் கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம் எது என்பவற்றை முன்கூட்டியே சொல்ல ஆளில்லாமல் போனதுதான். ஆகவே இதை நோயாளிக்காகவும் உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்காகவும் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லேன். எந்த மருந்து, எந்த அறுவை என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

படிகளுக்குள் போகும் முன் ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது. செயற்கை மூட்டின் உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் ரத்த ஓட்டம் கிடையாது. கிருமிகள் அவற்றின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பிசுபிசுப்பான ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்தப் படலம் மூன்று நான்கு வாரங்களில் முதிர்ந்துவிட்டால், ரத்தத்தின் வழியே வரும் மருந்து அதற்குள் இருக்கும் கிருமிகளை அனேகமாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. மருந்து சாப்பிடும்வரை வீக்கம் வடிந்து, காய்ச்சல் நின்று, நிறுத்தியதும் எல்லாம் திரும்பி வருவதன் காரணம் இதுதான். மருத்துவர் அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அதை அவசரப்படுத்துவதாகவோ பணத்துக்காகச் சொல்வதாகவோ உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. மாத்திரைக்கு முன் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்

அறுவை முடிந்து ஐந்து முதல் ஏழு நாட்களுக்குப் பிறகும் தையல் வழியாக நீர் கசிந்துகொண்டிருப்பது, குறைந்துவந்த வலி மறுபடி கூடுவது, மூட்டு சிவந்து சூடாக இருப்பது, தோலில் சிறு துளை விழுந்து அதன் வழியே சீழ் வருவது ஆகியவை வெளிப்படையான அறிகுறிகள். நாட்பட்ட தொற்றில் இவற்றில் ஒன்றும் இல்லாமல், ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் விடாத வலியும் விறைப்பும் மட்டுமே இருக்கலாம். காய்ச்சல் இல்லை என்பதால் தொற்று இல்லை என்று ஆகிவிடாது.

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். அருகிலுள்ள மருத்துவரிடம் காட்டினால், அவர் நல்லெண்ணத்துடனேயே ஐந்து நாள் ஆண்டிபயாடிக் எழுதித் தருவார். அந்த மாத்திரை மூட்டுக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லாது. ஆனால் பிறகு எடுக்கப்படும் மூட்டு நீர் மாதிரியில் கிருமி வளராமல் செய்துவிடும் அளவுக்கு அதை அடக்கி வைக்கும். கிருமி எது என்று தெரியாமல் செய்யப்படும் அறுவையில் மருந்துத் தேர்வு ஊகமாகிவிடுகிறது. ஏற்கெனவே மருந்து தொடங்கியிருந்தால், குறைந்தது இரண்டு வாரமாவது நிறுத்திவிட்டு மாதிரி எடுக்கவே பல அறுவை மருத்துவர்கள் விரும்புவார்கள்; நிறுத்துவதா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரே விலக்கு உண்டு. நடுக்கத்துடன் கடுங்காய்ச்சல், மனக்குழப்பம், மூச்சு வாங்குதல், ரத்த அழுத்தம் இறங்குதல் போன்றவை இருந்தால், தொற்று ரத்தத்தில் பரவியிருக்கக்கூடும். அப்போது எதற்கும் காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே ரத்த மாதிரி எடுத்த கையோடு மருந்தைத் தொடங்குவார்கள்.

2. பழைய ஆவணங்களைத் திரட்டுங்கள்

முதல் அறுவை செய்த மருத்துவமனைக்கே மறுபடி போவதானாலும், கோப்பு உங்கள் கையில் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கேட்டு வாங்க வேண்டியவற்றை முக்கியத்துவத்தின் வரிசையில் சொல்கிறேன்.

முதலாவது, இம்ப்ளான்ட் ஒட்டுத்தாள். செயற்கை மூட்டின் ஒவ்வொரு பாகமும் வரும் பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், மாதிரி, அளவு, தொகுதி எண் ஆகியவை அச்சிட்ட சிறு ஒட்டுத்தாள்கள் இருக்கும். அறுவை அரங்கில் அவற்றை உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டிவிடுவார்கள். தொடை எலும்பின் பாகம், கீழ்க்கால் எலும்பின் பாகம், இடையிலுள்ள பிளாஸ்டிக் தட்டு என்று குறைந்தது மூன்று ஒட்டுத்தாள்கள் இருக்க வேண்டும். முழங்கால் சில்லுக்கும் பாகம் வைத்திருந்தால் நான்காவதும் இருக்கும். இது ஏன் முதலிடம் பெறுகிறது என்றால், மூட்டைக் கழற்றாமல் கழுவும் அறுவையில் அந்தப் பிளாஸ்டிக் தட்டை மட்டும் புதிதாக மாற்ற வேண்டும். ஒரு நிறுவனத்தின் தட்டு இன்னொன்றின் உலோகத்தில் பொருந்தாது. விவரம் தெரியாவிட்டால் சரியான தட்டை வரவழைக்க முடியாமல் அறுவை தள்ளிப்போகும், அல்லது பழைய தட்டையே வைத்துத் தைத்துவிடுவார்கள். பின்னது தொற்று திரும்பும் வாய்ப்பைக் கூட்டும்.

இரண்டாவது, அறுவைக் குறிப்பு. மூட்டை எலும்பில் ஒட்ட எந்தச் சிமென்ட், அதில் ஆண்டிபயாடிக் கலந்திருந்ததா, எலும்பில் குறை இருந்ததா என்பவை அதில்தான் இருக்கும். மூன்றாவது, இதுவரை வந்த எல்லா ஆய்வக முடிவுகளும், குறிப்பாகக் கல்ச்சர் (மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவும் எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்ற பட்டியலும். இந்த முடிவுகள் பெரும்பாலும் நோயாளி வீடு திரும்பிய பிறகே வருகின்றன. எங்களுக்கு வந்த ஒன்று, கேட்கும்வரை ஆய்வகத்திலேயே கிடந்தது. நான்காவது, எக்ஸ்ரே படங்கள். அச்சிட்ட படமாக மட்டுமன்றி, கணினியில் திறக்கக்கூடிய வடிவிலும், எடுத்த தேதி வரிசைப்படியும் வேண்டும். மூட்டு தளர்கிறதா என்பது ஒரு படத்தில் தெரியாது, இரண்டை ஒப்பிட்டால்தான் தெரியும்.

இவற்றோடு நீங்களே ஒரு தாள் தயாரியுங்கள். எந்த ஆண்டிபயாடிக், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எவ்வளவு, ஏன் நிறுத்தினார்கள், ஒவ்வாமை ஏதேனும் வந்ததா என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். புதிய மருத்துவர் எவரும் தடித்த கோப்பைப் புரட்டுமுன் இந்த ஒரு பக்கத்தைத்தான் படிப்பார்.

3. சோதனைகளும் அவை எடுக்கும் காலமும்

முதலில், உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்னும் இரு ரத்தப் பரிசோதனைகள். நாட்பட்ட தொற்றைச் சந்தேகிக்க, சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேலும், ஈ.எஸ்.ஆர். மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேலும் இருப்பதை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் இரண்டும் இயல்பாகவே கூடியிருக்கும் என்பதால், ஓர் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. மறுதலையாக, வீரியம் குறைந்த சில கிருமிகளில் இரண்டும் இயல்பாகவே இருக்கக்கூடும்.

அடுத்தது மூட்டு நீர் எடுத்தல். தோலை மருந்து போட்டுத் துடைத்து, ஊசியால் மூட்டுக்குள்ளிருந்து நீரை உறிஞ்சி எடுப்பார்கள். சில நிமிட வேலை. அதில் வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000-க்கு மேலும், அவற்றில் நியூட்ரோஃபில் என்ற வகை 80 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் நாட்பட்ட தொற்றை வலுவாகச் சந்தேகிப்பார்கள். அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் என்றால் இந்த அளவு 10,000 என்றும் 90 சதவீதம் என்றும் உயரும். அணுக்களை எண்ணுவதற்கு ஒரு குழாய், கிருமி வளர்ப்பதற்கு வேறு குப்பி என்று நீரைப் பிரித்து அனுப்ப வேண்டும். வேலை மும்முரத்தில் இரண்டில் ஒன்று விடுபடுவது உண்டு. ஆகவே “செல் கவுன்ட்டும் கல்ச்சரும் இரண்டும் போகிறதா?” என்று ஊசி போடுமுன் கேட்டுவிடுங்கள்.

கல்ச்சருக்கு 14 நாட்கள்வரை வைத்துப் பார்க்கச் சொல்வது நல்லது. மெதுவாக வளரும் கிருமிகள் முதல் வாரத்தில் தலைகாட்டுவதில்லை. மூன்றாம் நாள் வரும் “கிருமி வளரவில்லை” என்ற தாள் இடைக்கால முடிவுதான். இறுதி முடிவு என்று அச்சிட்ட தாளை வாங்கும்வரை காத்திருங்கள். காசநோய்க் கிருமி, பூஞ்சை ஆகியவற்றுக்கான கல்ச்சரைத் தனியாகக் கேட்க வேண்டும். வழக்கமான கல்ச்சரில் அவை அடங்கா.

ஒரே கிருமி இரண்டு தனித்தனி மாதிரிகளில் வளர்ந்தாலோ, தோலிலிருந்து மூட்டுவரை செல்லும் புரை இருந்தாலோ தொற்று உறுதி. அப்புரையின் வாயிலிருந்து பஞ்சுக் குச்சியில் தொட்டெடுத்த சீழ் முடிவை நம்பி மருந்து தொடங்காதீர்கள். அதில் வளர்வது பெரும்பாலும் தோலில் இருக்கும் கிருமி. எலும்பு ஸ்கேன் அறுவைக்குப் பின் ஓராண்டுக்கு மேலும் மாறுதல் காட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், மூட்டு நீர் எடுக்காமல் அதற்கு மட்டும் செலவழிப்பது அனேகமாக வீண்.

4. எந்த அறுவை, ஏன் என்று கேளுங்கள்

வழிகள் மூன்று. உங்களுக்கு எது சொல்லப்படுகிறது, மற்ற இரண்டும் ஏன் இல்லை என்பதை மருத்துவர் வாயால் கேட்டுக்கொள்வது அவசியம்.

மூட்டைக் கழற்றாமல் கழுவுவது முதல் வழி. மூட்டைத் திறந்து, கெட்ட திசுக்களை வெட்டியெடுத்து, பல லிட்டர் உப்புநீரால் அலசி, பிளாஸ்டிக் தட்டை மாற்றித் தைப்பார்கள். மருத்துவர்கள் சுருக்கமாக ‘டேர்’ என்பது இதைத்தான். அறிகுறி தோன்றி மூன்று வாரத்துக்குள், படலம் முதிருமுன், மூட்டு உறுதியாக இருக்கும்போது, கிருமி மருந்துக்குக் கட்டுப்படும்போது மட்டுமே இது பலன் தரும். சிறிய அறுவை, செலவும் குறைவு என்பதால் குடும்பத்தினர் இதையே வற்புறுத்துவது இயல்பு. மாதக்கணக்கில் சீழ் வடியும் மூட்டுக்கு இதைச் செய்வது, பின்னால் செய்ய வேண்டிய பெரிய அறுவையைத் தள்ளிப்போடுவது மட்டுமே. தட்டை மாற்றாமல் சிறு துளை வழியே கேமரா விட்டுக் கழுவுவது இதற்கு ஈடாகாது.

இரண்டாவது, ஒரே கட்ட மாற்று. பழைய மூட்டு, சிமென்ட், கெட்ட திசு எல்லாவற்றையும் எடுத்து, அதே அறுவையில் புதிய மூட்டை வைத்துவிடுவார்கள். கிருமியின் பெயரும் அதற்கான மருந்தும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தோலும் தசையும் மூடுவதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும். தகுதியுள்ளவருக்கு இது ஓர் அறுவையையும் பல மாத முடக்கத்தையும் மிச்சப்படுத்துகிறது.

மூன்றாவது, இரண்டு கட்ட மாற்று. நாட்பட்ட, பிடிவாதமான தொற்றில் பெரும்பாலானோர் வந்து சேர்வது இங்கேதான். முதல் அறுவையில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆண்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்டால் ஆன ‘ஸ்பேசர்’ என்ற தற்காலிகத் துண்டை வைப்பார்கள். அதிலிருந்து மருந்து மூட்டுக்குள்ளேயே கசிந்துகொண்டிருக்கும். சில வாரங்களோ மாதங்களோ கழித்துத் தொற்று அடங்கியதாகத் தெரிந்த பின் ஸ்பேசரை எடுத்துப் புதிய மூட்டை வைப்பார்கள். ஸ்பேசரில் அசையாதது, மடக்க நீட்டக்கூடியது என்று இரு வகை உண்டு. எலும்பும் தசைநார்களும் மிகவும் சேதமடைந்திருந்தால் அசையாததை வைப்பார்கள். வாய்ப்பிருந்தால் அசையும் வகையில் இடைக்காலம் சற்று எளிது.

5. அறுவைக் குழுவைத் தேர்ந்தெடுத்தல்

முதல்முறை மூட்டு வைப்பதும் தொற்றுள்ள மூட்டை எடுத்து வைப்பதும் வேறு வேறு வேலைகள். மறு அறுவைகளைத் தொடர்ந்து செய்யும் அறுவை மருத்துவர், தொற்றுநோய் மருத்துவர், நல்ல நுண்ணுயிர் ஆய்வகம், தேவைப்பட்டால் தசையும் தோலும் எடுத்து மூடக்கூடிய பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் ஆகிய நால்வரும் ஒரே இடத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள். முதல் சந்திப்பில் நேராகவே கேளுங்கள்: தொற்றுக்கான மறு அறுவை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்? மருந்தை யார் முடிவு செய்வார்? வீட்டுக்குப் போன பின் ரத்த முடிவுகளை யார் பார்ப்பார்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக வர வேண்டும். “துறையில் பார்த்துக்கொள்வார்கள்” என்பது பதில் அன்று.

முதல் அறுவை செய்தவரிடம் சொல்லாமல் போவது துரோகம் என்ற தயக்கம் பலருக்கு உண்டு. நல்ல மருத்துவர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பரிந்துரைக் கடிதமும் தருவார்.

6. உடலைத் தயார்ப்படுத்துதல்

நாட்பட்ட தொற்றில் சில வாரம் தயாராவதற்குக் கிடைக்கும். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவருதல், ரத்தசோகையைச் சரிசெய்தல், புகைப்பவர் முடிந்தால் நான்கு வாரமாவது முன்கூட்டி நிறுத்துதல், பல்லிலும் சிறுநீரிலும் காலின் புண்களிலும் வேறு தொற்று இருந்தால் தீர்த்தல் ஆகியவை இதில் அடங்கும். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழ் இருந்தால் புண் ஆறுவது தாமதப்படும். புரதம் கூட்ட உணவியல் வல்லுநரின் ஆலோசனையைக் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கவும், முடக்குவாதத்துக்கும் சாப்பிடும் மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். எதை, எத்தனை நாள் முன் நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள்.

பெனிசிலின் ஒவ்வாமை என்று கோப்பில் எழுதியிருந்தால், அது எப்போது, எப்படி வந்தது என்று விசாரித்து, முடிந்தால் ஒவ்வாமைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அப்படி எழுதப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு உண்மையில் அந்த ஒவ்வாமை இருப்பதில்லை. எழுதியது எழுதியபடியே கிடந்தால், இந்த நோய்க்கு மிகவும் தேவைப்படும் மருந்துகள் கைக்கு எட்டாமல் போகும்.

7. செலவுக் கணக்கும் காப்பீடும்

மருத்துவமனை தரும் மதிப்பீடு பெரும்பாலும் ஒரே அறுவைக்கானது. இரண்டு கட்ட மாற்று என்றால் இரண்டுக்கும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் விட்டால் மதிப்பீட்டில் இடம்பெறாத இனங்கள் இவை: ஸ்பேசரும் அதற்கான கூடுதல் ஆண்டிபயாடிக் சிமென்ட்டும், இரண்டாம் கட்டத்தில் வைக்கும் மறு அறுவை மூட்டு (தண்டுகளும் எலும்புக் குறையை நிரப்பும் துண்டுகளும் சேர்வதால் இது முதல் மூட்டைவிட விலை கூடியது), வாரக்கணக்கில் ஏற்றும் நரம்பு வழி மருந்து, கையிலிருந்து நெஞ்சுவரை செலுத்தும் நீண்ட குழாயும் அதன் பராமரிப்பும், வாராந்தர ரத்தப் பரிசோதனைகள், பிசியோதெரபி, வீட்டில் உடனிருப்பவர் இழக்கும் வருமானம். இறுதியில் பார்த்தால், வெளியில் வாங்கும் மருந்தும் பரிசோதனையுமே சத்தமில்லாமல் பெரிய தொகையாகிவிடும்.

காப்பீடு இருந்தால் நான்கைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முந்தைய அறுவையின் பின்விளைவு என்று சொல்லி மறுக்க இடமுண்டா? இரு கட்டங்களுக்கும் தனித்தனி முன் அனுமதி வேண்டுமா? இம்ப்ளான்ட்டுக்கு உச்ச வரம்பு உண்டா? வீடு திரும்பிய பின் எத்தனை நாள்வரை மருந்துச் செலவு கிடைக்கும்? ஆறு வாரத்துக்கு மேல் ஓடும் மருந்துக்கு இந்தக் கடைசி வரம்பு பெரும்பாலும் போதாது. இரண்டாம் அறுவை அடுத்த காப்பீட்டு ஆண்டில் விழுமானால், புதுப்பிக்கும் தேதியைத் தவற விடாதீர்கள். முன் அனுமதிக் கடிதத்தில் “இரண்டு கட்டச் சிகிச்சையின் முதல் கட்டம்” என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாவிட்டால், இரண்டாவது விண்ணப்பத்தின்போது ஏன் மறுபடியும் அதே முழங்கால் என்ற கேள்வி வரும்.

8. முதல் கட்ட அறுவை நாள்

கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தைப் படியுங்கள். உள்ளே பார்த்த பின் திட்டம் மாறலாம் என்பதும், எந்தெந்த மாற்றத்துக்கு நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அறுவையில் குறைந்தது மூன்று, பொதுவாக ஐந்து அல்லது ஆறு திசு மாதிரிகளை, வெவ்வேறு இடங்களிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவியால் எடுத்துத் தனித்தனிக் குப்பியில் அனுப்ப வேண்டும். ஒன்றில் மட்டும் கிருமி வளர்ந்தால் அது வெளியிலிருந்து ஒட்டியதாக இருக்கலாம். இரண்டு மூன்றில் அதே கிருமி வளர்ந்தால் ஐயமில்லை. கழற்றிய மூட்டை ஒலியதிர்வு முறையில் அலசிக் கிருமியைப் பிரித்தெடுக்கும் வசதி சில ஆய்வகங்களில் உண்டு. இருந்தால் பயன்படுத்தச் சொல்லுங்கள். எத்தனை குப்பிகள் போயின என்று மறுநாள் காலை கேட்டு, ஆய்வக ரசீதில் அந்த எண்ணிக்கையைச் சரிபார்த்தல் உடனிருப்பவரின் வேலை.

முதல் சில நாட்களில் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை அடிக்கடி எடுக்கப்பட வேண்டும். ஸ்பேசரிலிருந்து கசியும் மருந்தும் நரம்பில் ஏறும் மருந்தும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். வான்கோமைசின் என்ற ஆண்டிபயாடிக் ஏறுகிறது என்றால், ரத்தத்தில் அதன் அளவையும் பார்க்க வேண்டும்.

9. இடைப்பட்ட வாரங்கள்

சோர்வு அதிகமாகும் காலம் இது. மருந்து பொதுவாக ஆறு வாரம். மூட்டைக் கழற்றாமல் கழுவியிருந்தால் மூன்று மாதம், சில சமயம் ஆறு மாதம். முழுவதும் நரம்பு வழியாகவே ஏற்ற வேண்டுமா என்பது கேட்கத்தக்க கேள்வி. பிரிட்டனில் நடந்து 2019-இல் வெளியான ஓவிவா என்ற ஆய்வில், எலும்பு, மூட்டுத் தொற்றுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் முதல் ஆறு வாரம் தக்க மாத்திரை சாப்பிட்டவர்கள் ஊசி மருந்து பெற்றவர்களைவிடப் பின்தங்கவில்லை. தகுந்த மாத்திரை இருந்தால் குழாயும் அதனால் வரும் தொல்லையும் செலவும் மிஞ்சும். கால அளவைக் குறைப்பது வேறு விஷயம். பிரான்சில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வொன்றில், ஆறு வாரத்துடன் நிறுத்தியவர்களில் 18 சதவீதம் பேருக்கும் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டவர்களில் 9 சதவீதம் பேருக்கும் தொற்று தொடர்ந்தது. மாத்திரையாக மாற்றக் கேளுங்கள். மருத்துவர் சொன்ன நாட்களைக் குறைக்கக் கேட்காதீர்கள்.

ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைக் கிருமி என்றால், படலத்துக்குள் ஊடுருவும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து சேர்க்கப்படலாம். அதைத் தனியாக ஒருபோதும் சாப்பிடக்கூடாது; துணை மருந்து தீர்ந்து இது மட்டும் மிச்சமிருந்தால், சில நாட்களிலேயே கிருமி அதற்கு எதிர்ப்புப் பெற்றுவிடும். இரண்டு டப்பாவிலும் மாத்திரையை எண்ணி, ஒரே நாளில் தீருமாறு வாங்குங்கள். சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும். எங்கள் வீட்டில் தலையணை உறை முதற்கொண்டு சாயமேறியது. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ரத்தம் உறையாமைக்கான மருந்து, சர்க்கரை மருந்து, வலிப்பு மருந்து போன்ற பலவற்றின் வேலையை ரிஃபாம்பிசின் மாற்றிவிடுவதுதான் பயப்பட வேண்டியது. சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் தொற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாரம் ஒருமுறை ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், சி.ஆர்.பி. பார்க்க வேண்டும். முடிவுகளை ஒரே தாளில் தேதிவாரியாக எழுதி வாருங்கள். குழாய் வைத்த கை வீங்கினாலோ, குழாய் நுழையும் இடம் சிவந்தாலோ, மருந்து ஏற்றியதும் நடுங்கினாலோ அன்றே தெரிவியுங்கள்.

அசையாத ஸ்பேசர் என்றால் கால் நீட்டியபடியே பட்டையில் கட்டியிருக்கும். கட்டிலின் உயரம், கழிப்பறை இருக்கையின் உயரம், கால் நீட்ட முன்னால் இடம் ஆகியவற்றை வீடு திரும்புமுன் அளந்து சரிசெய்யுங்கள். காலில் எவ்வளவு எடை போடலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஸ்பேசர் உடையவும் விலகவும் கூடியது. திடீரென்று கூடும் வலியும் காலின் வடிவ மாற்றமும் அதைக் குறிக்கலாம்.

10. இரண்டாம் அறுவைக்கு நாள் குறித்தல்

தொற்று முற்றிலும் போய்விட்டது என்று அறுதியிட்டுச் சொல்லும் ஒரே பரிசோதனை இன்றுவரை இல்லை. காயம் காய்ந்திருப்பது, வலி குறைந்திருப்பது, சி.ஆர்.பி. இறங்கியிருப்பது, சிலரிடம் மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் பொறுத்து மூட்டு நீரை மறுபடி பார்ப்பது என்று பலவற்றைச் சேர்த்தே முடிவெடுக்கிறார்கள். பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் நடக்கும். சி.ஆர்.பி. முழுமையாக இயல்புக்கு வரவில்லை என்பதற்காகவே மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டு போகவும் வேண்டாம், நாள் குறித்துவிட்டோம் என்பதற்காகக் கசியும் காயத்தோடு போகவும் வேண்டாம். உள்ளே இன்னும் தொற்று தெரிந்தால், புதிய மூட்டுக்குப் பதில் மறுபடி ஸ்பேசரே வைக்கப்படலாம். இதை முன்பே மனத்தில் வைத்திருந்தால் அறுவை அரங்கிலிருந்து வரும் செய்தி இடியாக இறங்காது. இரண்டாம் அறுவையிலும் திசு மாதிரிகள் அனுப்பப்பட வேண்டும். அதற்குப் பின் மூன்று மாதம் மாத்திரை தருவது தொற்று திரும்புவதைக் குறைக்கிறது என்று ஆய்வு உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

பழைய மூட்டை எடுத்த முதல் கட்ட அறுவையிலிருந்து கணக்கிட்டால், புதிய மூட்டோடு ஓரளவு தன்னிச்சையாக நடமாடுவதற்கு ஆறு மாதமாவது ஆகும். ஓராண்டுவரை முன்னேற்றம் தொடரும். வேலைக்கு விடுப்பு எழுதும்போது இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

11. புதிய மூட்டு வைக்க முடியாத நிலையில்

மூட்டு மாற்று பலமுறை தோற்றவர்களுக்கும், உடல் பெரிய அறுவையைத் தாங்காதவர்களுக்கும் வேறு வழிகள் பேசப்படும். வாழ்நாள் முழுவதும் மாத்திரையால் தொற்றை அடக்கி வைப்பது ஒன்று. அதற்குக் கிருமி மாத்திரைக்குக் கட்டுப்பட வேண்டும், மூட்டு உறுதியாக இருக்க வேண்டும். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சேர்த்து இணைத்துவிடுவது மற்றொன்று. கால் மடங்காது, சற்றுக் குட்டையாகும், ஆனால் வலியின்றி ஊன்றி நடக்கலாம். முழங்காலுக்கு மேல் காலை எடுப்பது அரிது. உயிருக்கு ஆபத்து, அல்லது ஓயாத வலியும் சீழும் என்ற நிலையில் மட்டும் அது வரும். இவற்றைச் சொன்னதுமே எழுந்து வந்துவிடாமல், ஒவ்வொன்றிலும் நடக்க முடியுமா, இன்னும் எத்தனை அறுவை தேவைப்படும் என்று கேளுங்கள். வேறொரு மறு அறுவை மருத்துவரின் கருத்தையும் இந்தக் கட்டத்தில் கட்டாயம் பெறுங்கள். ஐந்தாவது, ஆறாவது அறுவைக்குப் போவதைவிட, இணைத்த காலோடு வீடு திரும்பியவர் நிம்மதியாக இருப்பதும் உண்டு.

12. முடிந்த பிறகு

புதிய இம்ப்ளான்ட் ஒட்டுத்தாளின் நகல், வளர்ந்த கிருமியின் பெயர், பலித்த மருந்து, வந்த ஒவ்வாமை ஆகிய நான்கையும் ஒரு பக்கமாக்கி, கைப்பேசியில் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். உடலில் வேறெங்காவது தோன்றும் தொற்று ரத்தத்தின் வழியே மூட்டுக்கு வரக்கூடும் என்பதால், காலில் புண், சிறுநீர் எரிச்சல், பல் வீக்கம் ஆகியவற்றை ஆறப்போட வேண்டாம். பல் சிகிச்சைக்கு முன் ஆண்டிபயாடிக் தேவையா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உங்கள் அறுவை மருத்துவர் சொல்வதை எழுதி வாங்கிப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த மூட்டில் யாரேனும் வலிக்காக ஸ்டீராய்டு ஊசி போட முன்வந்தால் மறுத்துவிடுங்கள். சீராக இருந்த மூட்டு ஒரே நாளில் வீங்கிச் சூடானால், அது எத்தனை ஆண்டு கழித்து நேர்ந்தாலும், முதல் படியிலிருந்து தொடங்குங்கள்: மாத்திரைக்கு முன் மாதிரி, அதுவும் மூன்று வாரம் கடப்பதற்குள்.